புறஞ்சொல்லும் இறைநீதியும்: யூத மறைநூல் வைக்கும் கணக்கு

கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகிய குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் பொறுப்பை யூதர்களின் மறைநூல் மனிதர்களின் நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் இழித்துப் பேசும் குற்றமோ பெரும்பாலும் எந்த நீதிமன்றத்தின் படியையும் ஏறுவதில்லை. சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், கேட்டவர் சாட்சி சொல்ல முன்வருவதில்லை, சொல்லப்பட்டவருக்கோ நடந்ததே தெரிவதில்லை. அதனாலேயே இந்தக் குற்றத்தின் விசாரணையைக் கடவுள் தம் கையில் எடுத்துக்கொள்வதாக அம்மறைநூல் காட்டுகிறது. அந்த இறைநீதி எவ்வாறு செயல்படுகிறது, அதிலிருந்து யூத அறிஞர்கள் மனித நடத்தைக்கான எந்தச் சட்டங்களை உருவாக்கினார்கள் என்பது சமயம் கடந்தும் கவனிக்கத் தக்கது.

மோசேயின் ஐந்து நூல்களைக் கொண்ட தோரா என்னும் பகுதியே யூத மறைநூலின் அடித்தளம். அதில் யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் பொய்யான செய்தியை ஏற்றுப் பரப்புவதைத் தடை செய்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் மக்களிடையே கோள் சொல்லித் திரிவதை விலக்குகிறது. இந்தச் சுருக்கமான விதிகளை விரித்து வகைப்படுத்தியவர்களில் முதன்மையானவர், 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் விளங்கிய மைமோனிடிஸ். ஒருவர் சொன்னதையோ செய்ததையோ இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துப் பகை மூட்டுவது ‘ரெகிலுத்’. உண்மையாகவே இருக்கும் குறையை இழிவுபடுத்தும் வகையில் எடுத்துரைப்பது ‘லாஷோன் ஹாரா’, அதாவது தீநாக்கு. இல்லாத குறையைக் கற்பித்துப் பெயரைக் கெடுப்பது ‘மோட்ஸி ஷேம் ரா’, அதாவது அவதூறு என்று அவர் மூன்றாகப் பிரித்தார். இவற்றில் நடுவில் உள்ளதே வெளியாரை வியக்க வைப்பது. பேசியது உண்மை என்று நிரூபிப்பது இன்றைய சட்டங்கள் பலவற்றில் அவதூறு வழக்கிலிருந்து தப்பும் வழி. யூதச் சட்டத்திலோ உண்மையைப் பேசுவதே குற்றமாகிவிடக் கூடும். இவற்றுக்கு அப்பால் ‘தீநாக்கின் தூசு’ என்றும் ஒரு வகை உண்டு. இன்னார் இன்றைக்கு இப்படி இருப்பார் என்று யார் நினைத்தார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும், பகைவர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே புகழ்ந்து அவர்களின் வாயைக் கிளறுவதும் அந்தத் தூசில் அடங்கும்.

மிரியாமின் ஏழு நாட்கள்

புறங்கூறலுக்கு இறைவன் அளித்த தண்டனைகளில் யூத மரபு மிகுதியாக நினைவுகூர்வது எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் வரும் மிரியாமின் நிகழ்ச்சி. இஸ்ரவேல் மக்களைப் பாலைவனத்தின் வழியே நடத்திச் சென்ற மோசே மணந்திருந்த எத்தியோப்பியப் பெண்ணை முன்னிட்டு அவருடைய தமக்கை மிரியாமும் தமையன் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். கடவுள் மோசேயிடம் மட்டுமா பேசினார், தங்களிடமும் பேசவில்லையா என்று கேட்கிறார்கள். மோசே இதற்கு மறுமொழி கூறியதாக நூலில் இல்லை. அவர் பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் பணிவு மிக்கவர் என்ற ஒரு குறிப்பு மட்டுமே அந்த இடத்தில் வருகிறது. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்காத அந்த நிலையில் கடவுள் உடனடியாகத் தலையிடுகிறார். மூவரையும் சந்திப்புக் கூடாரத்துக்கு வரச் சொல்லி, மேகத்தூணில் இறங்கி வந்து, மற்ற இறைவாக்கினரிடம் காட்சியிலும் கனவிலும் பேசும் தாம் மோசேயிடம் நேருக்கு நேர் பேசுவதாக எடுத்துரைக்கிறார். மேகம் விலகும்போது மிரியாமின் தோல் பனியைப் போல வெளுத்திருக்கிறது.

ஆரோன் பதறிப்போய் மோசேயிடம் மன்றாட, மோசே கடவுளை நோக்கி வேண்டுகிறார். எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள் கொண்ட அந்த வேண்டுதல் மறைநூலின் மிகக் குறுகிய மன்றாட்டுகளில் ஒன்று. யாருக்கு எதிராகப் பேசப்பட்டதோ அவருடைய வாயிலிருந்தே, பேசியவருக்கான பரிந்துரை வருகிறது. ஆயினும் தண்டனை முழுவதும் நீங்கவில்லை. மிரியாம் ஏழு நாட்கள் பாளையத்துக்கு வெளியே விலக்கி வைக்கப்படுகிறார்; அவர் திரும்பச் சேர்க்கப்படும் வரை மக்கள் கூட்டம் முழுவதும் பயணத்தை நிறுத்திக் காத்திருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நினைவில் வைக்குமாறு உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. யூத வழிபாட்டு நூல்கள் பலவற்றில் அன்றாடம் நினைவுகூர வேண்டிய ஆறு செய்திகளின் பட்டியலில் இதுவும் இடம்பெறுகிறது. மைமோனிடிஸ் இதை ஆராயும்போது மிரியாமுக்குச் சார்பான எல்லா வாதங்களையும் தாமே அடுக்குகிறார். அவர் பேசியது தம்மினும் இளைய தம்பியைப் பற்றி. அந்தத் தம்பியை மடியில் வைத்து வளர்த்து, ஆபத்திலிருந்து காக்கத் தம்மையே பணயம் வைத்தவர் அவர். அவர் இழித்துப் பேசவில்லை, மற்ற இறைவாக்கினருக்குச் சமமாக மோசேயைக் கருதியதே அவருடைய பிழை. மோசேயும் அதைப் பொருட்படுத்தவில்லை. இத்தனைக்கும் பிறகும் அவர் தண்டிக்கப்பட்டார் என்றால், கூட்டம் கூட்டமாக அமர்ந்து ஊர்வம்பு பேசுவோரின் நிலை என்னாகும் என்பதே மைமோனிடிஸின் கேள்வி.

அளவுக்கு அளவு

மிரியாமைப் பீடித்த நோயின் எபிரேயப் பெயர் ‘ட்ஸாராஅத்’. தமிழ் விவிலியத்தில் இது குஷ்டரோகம் என்று வழங்கினாலும், இன்று மருத்துவம் அறிந்த தொழுநோயோடு இதை ஒன்றாகக் கருத முடியாது. ஏனெனில் லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின்படி இது மனிதத் தோலில் மட்டுமின்றித் துணியிலும் தோல் பொருட்களிலும் வீட்டுச் சுவரிலும்கூடத் தோன்றுகிறது. இதைப் பார்ப்பவர் மருத்துவர் அல்லர், ஆசாரியர். ஐயத்துக்குரிய தழும்பு உள்ளவரை அவர் ஏழு நாட்கள் அடைத்து வைத்து மீண்டும் பார்க்கிறார். தழும்பு பரவியிருந்தால் அவர் தீட்டுப்பட்டவர் என்று அறிவிக்கிறார். அப்படி அறிவிக்கப்பட்டவர் கிழிந்த உடையுடன், மேலுதட்டை மூடிக்கொண்டு, தாம் தீட்டுப்பட்டவர் என்று தம் வாயாலேயே கூவியபடி பாளையத்துக்கு வெளியே தனியாக வாழ வேண்டும்.

இந்தச் சடங்குகளை லேவியராகமம் எந்தக் குற்றத்தோடும் வெளிப்படையாக இணைக்கவில்லை. மிரியாமின் நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு அந்த இணைப்பைச் செய்தவர்கள் பிற்கால ரபிகள், அதாவது யூதச் சட்ட ஆசிரியர்கள். அவர்களுடைய விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் அராக்கின் என்னும் பகுதி, ட்ஸாராஅத்துக்கு ஏழு காரணங்களைக் கூறி, அவற்றில் தீநாக்கை முதலில் வைக்கிறது. அதற்குரிய தண்டனை ஏன் தனிமையாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே தரப்படும் விடை தெளிவானது: கணவனை மனைவியிடமிருந்தும் நண்பனை நண்பனிடமிருந்தும் தன் பேச்சால் பிரித்தவன், தானும் பிரிந்திருக்க வேண்டும். தூய்மைச் சடங்கில் இரண்டு பறவைகள் பயன்படுவதற்கும் இதே வகை விளக்கமே கூறப்படுகிறது. ஓயாமல் கீச்சிடும் பறவை, ஓயாமல் வம்பளந்தவனின் பிராயச்சித்தத்துக்குப் பொருத்தமானது என்றார்கள்.

குற்றத்தின் வடிவிலேயே தண்டனையும் அமையும் என்னும் இந்தக் கொள்கைக்கு ‘மிதா கெனெகெத் மிதா’, அதாவது அளவுக்கு அளவு என்று பெயர். இறைநீதியைச் சினம் கொண்ட ஓர் அரசனின் ஆணையாகக் காண்பதைவிட, மனிதன் தன் கையால் அளந்து கொடுத்ததையே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஓர் ஒழுங்காகக் காண்பதையே ரபிகள் விரும்பினார்கள். இந்த அளவு தண்டனைக்கு மட்டும் உரியதுமல்ல. குழந்தை மோசே நைல் நதியோரம் நாணற்பெட்டியில் வைக்கப்பட்டபோது, அவனுக்கு என்ன நேருமோ என்று மிரியாம் சிறிது நேரம் காத்து நின்றார். அதற்குக் கைம்மாறாகவே பாலைவனத்தில் ஒரு மக்கள் கூட்டமே அவருக்காக ஏழு நாட்கள் காத்து நின்றது என்று, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் சொல்கிறது. ஒரே நிகழ்ச்சியில், தம்பிக்கு எதிராகப் பேசியதற்கான தண்டனையும், அதே தம்பிக்காக நின்றதற்கான பரிசும் மிரியாமுக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன.

தண்டனை படிப்படியாக வருவதாகவும் மைமோனிடிஸ் விளக்குகிறார். முதலில் வீட்டுச் சுவரின் நிறம் மாறும். பேசியவர் மனம் திரும்பினால் அதோடு தீரும். திரும்பாவிட்டால் அமரவும் படுக்கவும் பயன்படும் தோல் பொருட்களிலும், பிறகு உடுத்தும் துணியிலும், கடைசியாகவே உடலிலும் அது தோன்றும். தண்டனை என்பதைக் காட்டிலும் எச்சரிக்கை என்ற சொல்லே இதற்குப் பொருந்தும்.

கையைவிட நாக்குக்கு அபராதம் அதிகம்

புறங்கூறல் முற்றிலும் மனித நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டது என்று கொள்ளவும் இடமில்லை. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. புதிதாக மணந்த பெண்ணை வெறுக்கத் தொடங்கிய கணவன், அவள் கன்னியாக இருக்கவில்லை என்று ஊரறியப் பழி சுமத்துகிறான். பழி பொய் என்று ஊர்ப் பெரியோர் முன்னிலையில் தெளிவானால் அவன் தண்டிக்கப்பட்டு, பெண்ணின் தந்தைக்கு 100 வெள்ளிக் காசுகள் கட்ட வேண்டும். அவளை அவன் ஆயுள் முழுவதும் விலக்கி விடவும் கூடாது. அதே அதிகாரத்தில், மண ஒப்பந்தம் ஆகாத கன்னியை வல்லுறவு கொண்டவன் அவள் தந்தைக்குக் கட்ட வேண்டிய தொகை 50 வெள்ளிக் காசுகள். பெண்ணைத் தந்தையின் பொறுப்பில் வைத்துப் பார்த்த அந்தக் காலத்து விதிகள் இன்றைய மனசாட்சிக்கு ஏற்புடையவை அல்ல. எனினும் மிஷ்னா ஆசிரியர்கள் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து, செயலால் தீங்கிழைத்தவனைவிட வாயால் தீங்கிழைத்தவன் இரு மடங்கு கட்டுகிறான் என்பதைச் சுட்டிக்காட்டி, பேச்சின் கொடுமைக்கு அதைச் சான்றாக்கினார்கள்.

அங்கேயே அவர்கள் ஒற்றர்களின் நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மிரியாமின் நிகழ்ச்சி முடிந்த அடுத்த அதிகாரத்திலேயே, கானான் நாட்டை வேவு பார்க்க மோசே 12 பேரை அனுப்புகிறார். 40 நாட்கள் சுற்றித் திரும்பியவர்களில் பத்துப் பேர், அந்நாடு தன் குடிகளையே விழுங்கும் நாடு என்று பழித்துப் பேசி மக்களை அச்சத்தில் ஆழ்த்துகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் கொள்ளைநோயால் மாள, அவர்கள் பேச்சை நம்பிய தலைமுறை நாளுக்கு ஓர் ஆண்டாக 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்து மடிய வேண்டும் என்ற தீர்ப்பு வருகிறது. மரத்தையும் கல்லையும் பழித்ததற்கே இந்தத் தண்டனை என்றால், உயிருள்ள மனிதனைப் பழிப்பது எத்தகையது என்று தல்மூத் கேட்கிறது. கேட்டு நம்பியவர்களும் தண்டனையில் பங்கு பெறுகிறார்கள் என்பது இந்நிகழ்ச்சியின் கூடுதல் பாடம்.

மூவரைக் கொல்லும் உண்மை

கேட்பவரின் பங்கை இன்னும் கூர்மையாகக் காட்டுவது முதலாம் சாமுவேல் நூலில் வரும் தோவேக்கின் வரலாறு. சவுல் அரசனிடமிருந்து தப்பி ஓடும் தாவீது, நோபு என்னும் ஊரில் ஆசாரியர் அகிமெலேக்கிடம் வந்து, அரச காரியமாக வந்திருப்பதாகச் சொல்லி உணவு கேட்கிறார். ஆசாரியர் நிலைமை அறியாமல் படையல் அப்பங்களையும், அங்கு வைக்கப்பட்டிருந்த கோலியாத்தின் வாளையும் கொடுக்கிறார். சவுலின் ஊழியனான ஏதோமியன் தோவேக்கு அங்கிருந்து அதைப் பார்க்கிறான். பிறகு, தம்மிடம் யாரும் எதையும் சொல்வதில்லை என்று சவுல் குறைபட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து, தான் கண்டதை எடுத்துரைக்கிறான். அப்பம் கொடுத்ததும் வாள் கொடுத்ததும் நடந்தவையே. அகிமெலேக்கு அறியாமல் கொடுத்தார் என்ற ஒன்றை மட்டும் அவன் சொல்லாமல் விடுகிறான். ஆசாரியர்களைக் கொல்லுமாறு சவுல் இட்ட கட்டளையை அவருடைய காவலர்களே நிறைவேற்ற மறுக்க, தோவேக்கு தானே முன்வந்து 85 ஆசாரியர்களை வெட்டி வீழ்த்துகிறான். நோபு ஊரும் அழிக்கப்படுகிறது.

தீநாக்கு சொன்னவரையும் கேட்டவரையும் சொல்லப்பட்டவரையும் சேர்த்து மூவரைக் கொல்கிறது என்று ரபிகள் கூறியதற்கு இந்த வரலாறு எடுத்துக்காட்டாயிற்று. அகிமெலேக்கு அன்றே மாண்டார். சவுல் பின்னர்ப் போர்க்களத்தில் வீழ்ந்தார். மறு உலகில் பங்கு இழந்தவர்களின் பட்டியலில் தோவேக்கின் பெயரை மிஷ்னா சேர்த்தது. இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூதோ இதிலிருந்து ஒரு சமுதாயத் தீர்ப்பையே பெறுகிறது. தாவீதின் காலத்தவர் நேர்மையாளர்களாக இருந்தும் அவர்களிடையே கோள் சொல்வோர் இருந்ததால் போரில் வீழ்ந்தார்கள். ஆகாப் அரசனின் காலத்தவர் சிலை வணங்கிகளாக இருந்தும் அவர்களிடையே காட்டிக்கொடுப்போர் இல்லாததால் போரில் வென்றார்கள். சிலை வழிபாட்டைப் பெரும்பாவமாகக் கருதும் ஒரு சமயத்தில் இப்படி ஒரு கருத்து பதிவாகியிருப்பது சாதாரணமானதன்று.

பிறர் உடலில் கணக்கைப் படிக்கத் தடை

அளவுக்கு அளவு என்னும் கொள்கையில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குற்றத்துக்கேற்ற தண்டனை வருகிறது என்று நம்புகிறவர், துன்பப்படும் ஒருவரைக் கண்டதும் அவர் ஏதோ குற்றம் செய்திருப்பார் என்று பேசத் தொடங்கிவிடலாம். அப்போது இறைநீதியின் பெயராலேயே புறங்கூறல் நடந்தேறும். யோபுவின் நூல் காட்டுவது இதைத்தான். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபுவிடம் வரும் நண்பர்கள், கடவுள் நீதியுள்ளவர் ஆதலால் யோபு பாவம் செய்தவரே என்று வாதிடுகிறார்கள். எலிப்பாஸ் ஒருபடி மேலே போய், தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுத்ததாகவும் விதவைகளை வெறுங்கையோடு அனுப்பியதாகவும் இல்லாத குற்றங்களை அவர்மீது அடுக்குகிறார். நூலின் முடிவில் கடவுளின் சினம் அந்த நண்பர்கள்மீதே திரும்புகிறது. யோபு அவர்களுக்காக வேண்டிய பிறகே அது தணிகிறது. மிரியாமுக்காக மோசே வேண்டியதைப் போலவே இங்கும் பழிக்கப்பட்டவரின் வேண்டுதலே பழித்தவர்களைக் காக்கிறது. நோயிலும் துக்கத்திலும் இருப்பவரிடம் யோபுவின் நண்பர்களைப் போலப் பேசுவதைத் தல்மூத் சொல்லால் இழைக்கும் கொடுமை என்று வகைப்படுத்தித் தடை செய்தது.

இந்த எச்சரிக்கை மறைநூலை ஆய்வோருக்கும் பொருந்தும். மிரியாமோடு ஆரோனும் நோயால் தண்டிக்கப்பட்டார் என்று மறைநூல் வரிகளிலிருந்து பெரும் அறிஞரான ரபி அகிவா ஊகித்துக் கூறியபோது, இன்னோர் ஆசிரியரான ரபி யூதா பென் பெத்தேரா அவரைக் கடிந்துகொண்டதாகத் தல்மூதில் ஒரு குறிப்பு உண்டு. ஊகம் சரியானால், தோரா மூடி வைத்ததை அகிவா திறந்து காட்டிவிட்டார். தவறானால், ஒரு நல்லவர்மீது பழி சுமத்திவிட்டார். எப்படியாயினும் அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் வாதம். இறைவன் யாரை ஏன் தண்டித்தார் என்று பேசும் நாக்கும் விசாரணைக்கு உட்பட்டதே.

பேசியாக வேண்டிய இடம்

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் ரோமரால் அழிக்கப்பட்டது. அந்தப் பேரழிவுக்குக் காரணமில்லாத பகையே காரணம் என்று தல்மூத் கூறியது. ஆலயத்தோடு தூய்மைச் சடங்குகளும் வழக்கொழிந்த பின், புறங்கூறலைக் கட்டுப்படுத்தும் வேலை சட்டத்தின்மீதும் மனசாட்சியின்மீதும் விழுந்தது. அந்த வேலையை முழுமையாக எடுத்துச் செய்தவர், இன்று பெலாரஸ் நாட்டில் உள்ள ராதின் என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1933இல் மறைந்த ரபி இஸ்ரவேல் மேயர் ககான். 1873இல் வில்னா நகரில் தம் பெயரைப் போடாமல் அவர் வெளியிட்ட ‘ஹாஃபெட்ஸ் ஹாயிம்’ என்னும் நூல் அத்தனை புகழ் பெற்றதால், அவருக்கே அது பெயராக நிலைத்துவிட்டது. வாழ்வை விரும்புகிறவன் என்று பொருள்படும் அத்தலைப்பு, நாவைக் காக்கச் சொல்லும் 34ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. புறங்கூறுபவர் தோராவின் 31 கட்டளைகளை மீறக் கூடும் என்று அந்நூல் கணக்கிடுகிறது.

அதே நூல் பேச வேண்டிய இடத்தையும் வரையறுக்கிறது. கோள் சொல்லித் திரிவதை விலக்கும் லேவியராகம வசனமே, அடுத்த பகுதியில், பிறருடைய உயிருக்கு ஆபத்து வரும்போது கைகட்டி நிற்பதையும் விலக்குகிறது. எனவே ஒருவர் இழைத்த தீங்கை நேரில் அறிந்திருத்தல், அவசரப்பட்டு முடிவு கட்டாதிருத்தல், முதலில் அவரிடமே எடுத்துச் சொல்லுதல், மிகைப்படுத்தாமை, பாதிக்கப்பட்டவரின் நன்மையே நோக்கமாயிருத்தல், வேறு வழி இல்லாமை, சட்டத்துக்கு மேற்பட்ட தீங்கு அவருக்கு நேராதிருத்தல் ஆகிய ஏழு நிபந்தனைகள் நிறைவேறினால் பேசலாம். தீநாக்குச் சட்டத்தைக் காட்டிக் கொடுமைக்கு ஆளானவர்களின் வாயை அடைக்கும் போக்கு யூதச் சமூகங்களுக்குள்ளேயே இன்று கடுமையாக விமரிசிக்கப்படுகிறது. அந்த விமரிசனத்துக்குச் சட்டத்தின் இந்தப் பகுதியே துணை நிற்கிறது.

எஞ்சியிருப்பது மன்னிப்பு. யூத ஆண்டில் மிகப் புனிதமான யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளில், நாவால் செய்த பாவங்களையும் சேர்த்து யூதர்கள் அறிக்கையிடுகிறார்கள். ஆயினும் அந்த நாளுக்கே ஒரு வரம்பு உண்டு. கடவுளுக்கு எதிராகச் செய்த பாவத்தை யோம் கிப்பூர் போக்கும். சக மனிதனுக்கு எதிராகச் செய்த பாவத்தையோ, அவனிடம் சென்று அவனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் போக்காது என்று மிஷ்னா தீர்த்துச் சொல்கிறது. முதல்முறை மறுக்கப்பட்டால் மூவரை அழைத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும், மூன்று முறை வரை கேட்க வேண்டும், புண்பட்டவர் இறந்துவிட்டிருந்தால் பத்துப் பேரோடு அவருடைய கல்லறைக்கே சென்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மைமோனிடிஸ் வழிமுறை வகுத்தார். புறங்கூறலை விசாரிக்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்ட கடவுள், அதை மன்னிக்கும் உரிமையைப் புண்பட்ட மனிதனிடம் விட்டுவிட்டார் என்பதே இம்மரபின் முடிவான தீர்ப்பு.